ஒரு மாத லீவும் ஒரு முதுகுப் பையும்: கொங்கு நாட்டில் படக்குறிப்பேடு வைக்கும் முறை

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறவர் எப்படியும் ஆயிரம் இரண்டாயிரம் படம் எடுத்துக்கொண்டுதான் திரும்புகிறார். மறுவருடம் திறந்து பார்த்தால் பாதிப் படம் எந்த ஊரில் எடுத்தது என்றே தெரியாது. சந்தையில் சிரித்துக்கொண்டு நின்ற பெரியவர் யார், அவர் கையில் இருந்த சாமானுக்கு என்ன பேர், அது என்ன நோம்பி (பண்டிகை) என்று கேட்கவும் ஆள் இருக்காது. படம் பளிச்சென்று இருக்கும், பேச மட்டும் மாட்டேன் என்கும்.

படம் பாதி, குறிப்பு பாதி. குறிப்பு அன்றன்றைக்கே எழுதப்பட வேண்டும். பை, பாதை, நாளின் ஒழுங்கு எல்லாவற்றையும் அதற்கு இடம் கொடுக்கிற மாதிரி அமைத்துக்கொள்வதுதான் இங்கே விஷயம். கேமரா பெரியதா சின்னதா என்பது இரண்டாம் பட்சம்.

இறங்கியதும் முதல் வேலை

செல்போன் தானாக இந்திய நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கேமரா மாறாது. இரண்டிலும் எடுத்த படங்களைப் பிறகு ஒன்றாக அடுக்கும்போதுதான் வினை தெரியும். அமீரக நேரத்தில் ஓடும் கேமரா ஒன்றரை மணி பின்தங்கியிருக்கும், சிங்கப்பூர் நேரத்தில் ஓடுவது இரண்டரை மணி முந்தியிருக்கும். அமெரிக்க நேரமாக இருந்தால் காலைப் படம் முந்தின நாள் தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே கேமராவின் நேரத்தை மாற்றிவிடுங்கள். கூடவே, வினாடி ஓடும் செல்போன் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாற்ற மறந்துபோனாலும் அந்த ஒரு படத்தை வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளால் எல்லாப் படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடலாம்.

அடுத்தது மின்சாரம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வாங்கிய கேமராவில் வீடியோ முறையும் ஃப்ளிக்கர் தடுப்பும் 60 ஹெர்ட்ஸுக்கு வைக்கப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் டியூப்லைட் எரியும் தறிக்கூடத்திலும் கடைவீதியிலும் வீடியோவில் வெளிச்சம் துடிக்கும், படத்தில் பட்டைப் பட்டையாகக் கோடு விழும். மெனுவில் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அந்த இடங்களில் அணைத்துவிட வேண்டும், கோடு அதில்தான் அதிகம் விழும்.

பைக்குள் என்ன

35 லிட்டர் பை போதும். தண்ணீர் இல்லாமல் மொத்த எடை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. மொபசல் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போக வேண்டியிருக்கும், இறங்கிய இடத்திலிருந்து தோட்டம் வரைக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். இடுப்புப் பட்டை இல்லாத பை இரண்டாம் நாளே தோளைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கேமரா, ஒரு லென்ஸ். தறி ஓடும் சின்ன அறையிலும் சமையல்கட்டிலும் பின்னால் நகர இடம் இருக்காது, அதனால் 28 அல்லது 35 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸ் கைகொடுக்கும். தூரத்து ஆளைத் திருட்டுத்தனமாக இழுத்துப் பிடிக்கும் நீள லென்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. எதிரில் நின்று பேசி எடுத்த படத்துக்குத்தான் குறிப்பு எழுத முடியும். நல்ல செல்போன் ஒன்று மட்டும் இருந்தாலும் வேலை நடக்கும்.

256 ஜிபி கார்டு ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி கார்டு மூன்று வாங்குங்கள். ஒன்று கெட்டாலோ தொலைந்தாலோ போவது மூன்றில் ஒரு பங்குதான். பேட்டரி இரண்டு. பவர் பேங்க் 20,000 மில்லி ஆம்பியர் என்றால் சுமார் 74 வாட் ஹவர். அனுமதி கேட்காமல் விமானத்தில் கொண்டுபோகும் வரம்பு 100 வாட் ஹவர், அதையும் கையோடு வைத்திருக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. லாட்ஜ் பிளக்கில் சதுர முனை செருகாது, உருண்டை முனை அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரிழைத் துண்டு இரண்டு. குளித்துத் துவட்டவும், வெயிலுக்குத் தலையில் போடவும், கேமராவைச் சுற்றி வைக்கவும், பஸ் ஜன்னல் புழுதிக்குப் பையின் வாயை மூடவும் அதைவிட நல்ல துணி கிடையாது. அரை மணி நேரத்தில் காய்ந்தும்விடும். விலையுயர்ந்த மைக்ரோஃபைபர் துண்டு தேவையே இல்லை. லென்ஸ் கண்ணாடியைத் துடைக்க மட்டும் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு. பேனா வேண்டாம், வியர்வை பட்டால் மை கலங்கும். பத்து, இருபது ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய்க்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டருக்கும் உங்களுக்கும் அன்றைய நாள் சரியாகத் தொடங்காது. தண்ணீர் மாசியில் இரண்டு லிட்டர், சித்திரையில் மூன்று. உப்புக் கரைசல் பொட்டலம் நான்கு.

காலுக்கு ஒரே ஜோடிதான் என்றால் தடித்த அடி உள்ள செருப்பு. வீட்டு வாசலிலும் கோயில் முன்னும் நாளுக்குப் பத்து முறை கழற்ற வேண்டும். கயிறு கட்டும் ஷூ அலுத்துப்போகும், மெல்லிய ரப்பர் செருப்பைக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) முள் ஒரே குத்தில் துளைத்துவிடும்.

சந்தை நாளை வைத்துப் பாதை போடுங்கள்

கூகுள் வரைபடத்தில் இடங்களைக் குறித்துக்கொண்டு அலைவது கொங்கு நாட்டில் பாதிப் பலன்தான் தரும். இங்கே ஊர் முழுவதும் ஒன்றுகூடி உயிரோடு இருப்பது சந்தை நாளில். அதனால் பாதையைக் கிழமைப்படி போடுங்கள். கோவையில் தொடங்கிக் கோவையிலேயே முடிகிற ஆறு நாள் சுற்று ஒன்று:

சனிக்கிழமை மத்தியானம் சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து காங்கேயம். காந்திபுரத்துக்குப் போய் நிற்காதீர்கள், காங்கேயம், கரூர், திருச்சிப் பக்கம் போகும் பஸ்கள் சிங்காநல்லூரில்தான். பொள்ளாச்சி, உடுமலை, பழநி என்றால் உக்கடம்.

ஞாயிறு காலை பழையகோட்டை மாட்டுச் சந்தை. காங்கேயம் மாட்டுக்கென்றே கூடுகிற சந்தை அது. விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் வியாபாரமும் முடியும், வெளிச்சமும் கெடும். மாட்டைப் படம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மாடு வளர்க்கிறவர் பார்ப்பது பக்கவாட்டுத் தோற்றம்: திமில், கொம்பு, நான்கு காலும் நிற்கிற நிலை. கேமராவை மாட்டின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் நின்று, நான்கு காலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். நின்றவாக்கில் மேலிருந்து எடுத்தால் பெரிய காளையும் கன்றுக்குட்டி மாதிரி தெரியும். மயிலை மாட்டின் வெளுப்பைப் பார்த்து கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், மாடு அழுக்குச் சாம்பலாக விழும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7 வையுங்கள். கறுப்பான காரி மாட்டுக்கு நேர் எதிர், –0.7. ஃப்ளாஷ் கூடவே கூடாது, பின்னங்கால் பக்கம் நிற்கவும் கூடாது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பவர்களைப் பேச்சு முடிகிற வரை தொந்தரவு செய்யாதீர்கள். முடிந்த பிறகு கேளுங்கள், மறைத்த விரலுக்கு என்ன கணக்கு என்று அவர்களே சொல்வார்கள். நிறம், எத்தனை பல்லு, எந்த ஊரிலிருந்து ஓட்டி வந்தது, இந்த மூன்றும் குறிப்பில் இருந்தால் போதும்.

சாயங்காலம் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலம் இது: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். பொழுது சாயும்போது சூரியனுக்கு எதிராக நின்று எடுத்தால் புல்லின் கதிர் ஒவ்வொன்றும் வெள்ளியாக எரியும். இலை உதிர்ந்த கோடையில் போகிறவர் கிளுவையைச் செத்த குச்சி என்று நினைத்து வேலியின் பக்கமே கேமராவைத் திருப்புவதில்லை. அது உயிர்வேலி, மழை பெய்ததும் தழைத்துவிடும். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று ஒரே இடத்தில் இரண்டு படம் இருந்தால் குறிப்பேட்டுக்கு அது பெரிய சொத்து. வேலிப் படலைத் திறந்து போனால் திரும்ப மூடிக் கட்டிவிட்டு வாருங்கள். ஆடு வெளியேறிப் பக்கத்துக் காட்டில் மேய்ந்தால் சண்டை தோட்டத்துக்காரருக்குத்தான் வரும்.

திங்கள் காலை சென்னிமலை. 1,320 படி. ஐந்தரை மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். இறங்கியதும் தறி. திங்கள் இரவுக்கு ஈரோடு போய்விடுங்கள், அங்கே ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலம் தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். இரவில் மூட்டை தூக்குகிறவர்கள் வேகமாக வருவார்கள், வழியில் நின்று படம் எடுத்தால் இடிபடுவீர்கள். ஏதாவது ஒரு கடையின் படியோரம் ஒதுங்கி, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள்.

செவ்வாய் பவானி. கூடுதுறையில் காவிரிக்கு அக்கரை குமாரபாளையம், சூரியன் அந்தப் பக்கமிருந்து எழும். ஆனால் அங்கே அந்த நேரத்தில் திதி கொடுக்கிறவர்கள் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் முகம் படத்தில் வரவே கூடாது. ஆற்றையும் கோபுரத்தையும் எடுத்துவிட்டு ஜமக்காளத் தறிக்குப் போய்விடுங்கள்.

புதன் கவுந்தப்பாடி வழியாகக் கோபி, அங்கிருந்து கொடிவேரி. கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பு ஆலையில் கொப்பரைக்குக் கிட்டே போனால் லென்ஸில் ஆவி படிந்து படம் பால்போல் வெளுக்கும். காற்று வருகிற பக்கம் நின்று எடுங்கள். அங்கே காய்ச்சுகிற நாட்டுச் சர்க்கரைதான் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது என்பதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். கொடிவேரி அணைக்கட்டில் பாறை வழுக்கும், சுழல் இழுக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு படத்துக்காகவும் போகாதீர்கள். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் அங்கிருந்து பிரிகின்றன. கூட்டத்தை விட்டு வாய்க்கால் கரையில் நடந்தால் நெல்வயலும் நாற்று நடவும் நிதானமாகக் கிடைக்கும்.

வியாழன் காலை புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தை. அங்கிருந்து அன்னூர் வழியாகக் கோவை.

தை, மாசியில் வருகிறவர்கள் இந்தச் சுற்றில் மஞ்சளைத் தவறவிடக் கூடாது. வெட்டு, வேக்காடு, களத்தில் காயப்போடுவது, மெருகேற்றுவது எல்லாம் அந்த மாதங்களில்தான். களம் முழுக்க மஞ்சளாக இருப்பதால் கேமரா அதைச் சரிசெய்வதாக நினைத்து நீலத்தைச் சேர்த்துவிடும், மஞ்சள் வெளிறிக் களிமண்ணாகத் தெரியும். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 5,200 கெல்வினில் பூட்டிவிடுங்கள். தேங்காய்க் களத்திலும் இதே பூட்டு, கூடவே பருப்பின் வெளுப்புக்காக +0.7.

காடு பற்றி ஒன்று. சத்தியமங்கலம், ஆனைமலை இரண்டும் புலிகள் காப்பகம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கும் இறங்கி நின்று படம் எடுக்காதீர்கள், பஸ் ஜன்னல் போதும். காட்டுக்குள் நடக்க விரும்பினால் வனத்துறை 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிந்து, வழிகாட்டியோடு போங்கள்.

தறிக்கூடத்தில்

தறி படத்துக்கு நல்ல பொருள், கேமராவுக்குக் கெட்ட இடம். பஞ்சுத் தூசி காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். உள்ளே லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு வானம் வருகிற ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளி. எந்த லென்ஸ் என்பதை வாசலுக்கு வெளியிலேயே முடிவு செய்யுங்கள். விசைத்தறிக் கூடத்தில் கழுத்தில் தொங்கும் கேமரா வாரும் துப்பட்டாவும் ஆபத்து, ஓடுகிற பெல்ட்டில் சிக்கினால் இழுத்துவிடும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு வையுங்கள்.

விசைத்தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை நிறுத்திக் காட்ட 1/1000 வேண்டும், அதற்கு அந்த வெளிச்சம் பெரும்பாலும் போதாது. 1/30இல் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு எடுத்தால் ஆள் தெளிவாகவும் நாடா கோடாகவும் விழும், ஓட்டமும் தெரியும். கைத்தறி வீட்டில் ஜன்னல் ஒன்றுதான் இருக்கும். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி நின்று, ஐஎஸ்ஓ 1600, 1/60 என்று தொடங்குங்கள். ஜன்னலைப் பார்த்து நின்றால் நெய்கிறவர் கரிய உருவமாகிவிடுவார்.

முகத்தை ஒன்று எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குழிக்குள் மிதிக்கிற கால், அறுந்த பாவு நூலை முடிகிற விரல், ஓரத்தில் உட்கார்ந்து தார் (நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி) சுற்றுகிறவர், நெய்த துணியை அளக்கிற கோல், சுவரில் தொங்குகிற நாள்காட்டி, மதியச் சோற்றுத் தூக்கு என்று எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தறிச் சொற்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அந்த வீட்டில் என்ன சொன்னார்களோ அதையே எழுத வேண்டும், இணையத்தில் தேடித் திருத்தக் கூடாது.

கேட்டு எடுப்பது

தோட்டத்து வீட்டுக்குள் நேராக நுழையாதீர்கள். நாய் இருக்கும். கடவோரம் (வேலி வாசலில்) நின்று, "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?" என்று குரல் கொடுங்கள். ஆள் வந்ததும் முதலில் வருகிற கேள்வி "எந்த ஊருங்க?" என்பதுதான். "துபாய்" என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பிறந்த ஊரைச் சொல்லுங்கள், பக்கத்து டவுனைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார். மோரோ காப்பியோ வரும். குடித்துவிட்டு, "ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு அய்யா, அம்மா. நடுவயதினருக்கு அண்ணா, அக்கா. வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்க" விட்டுப்போகாமல் இருக்கட்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கூட வந்தால் இதை முன்பே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அவர்கள் ஆசையாகக் கற்றுக்கொள்ளும் விஷயம் இது.

வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் பேசிவிட்டே கிளம்புங்கள். படம் கிடைக்காததும் எழுந்து போனால் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். குழந்தைகளைப் பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கூலி வேலை செய்கிறவர்களை முதலாளி அனுமதித்தார் என்பதற்காக எடுக்காதீர்கள், அவர்களையும் தனியாகக் கேட்க வேண்டும். சம்மதித்தவர்கள் உடனே நேராக நின்று கையைக் கட்டிக்கொள்வார்கள். அந்தப் படத்தையும் மரியாதையோடு எடுங்கள், அவர்கள் வீட்டுச் சுவருக்கு அதுதான் வேண்டும். உங்கள் குறிப்பேட்டுக்கான படம் அவர் வேலைக்குத் திரும்பியதும் கிடைக்கும்.

கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பக்கங்களைப் படமில்லாமல் எழுதுங்கள். சிவன்மலையில், பக்தரின் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்குள் அன்றைக்கு என்ன பொருள் இருந்தது, அதைப் பார்த்து நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும். படமில்லாத அந்தப் பக்கத்தைத்தான் பின்னால் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள்.

வெளிச்சம்

தையில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி உதிக்கும், ஆனியில் ஆறு மணியை ஒட்டி. உதித்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு நான்கரையிலிருந்து இருட்டும் வரை வெளியே எடுங்கள். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அப்போது எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் கருப்புக் குழிதான் தெரியும். அந்த நேரம் திண்ணை, ஓலைச் சாளை, வேப்பமர நிழல் என்று ஒதுங்குங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கும். கேதனூர், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைக்கு அதுதான் பருவம், கேமராவுக்கு அது பகை.

வெளியூர் நேரக் குழப்பத்தில் அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் முதல் சில நாள் மூன்று நான்கு மணிக்கே விழித்துக்கொள்வார்கள். படுத்துப் புரளாமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கட்டுத்தரையில் பால் கறப்பு, சொசைட்டிக்குக் கேன் போவது, வாசலில் சாணி தெளிப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

வீட்டில் இருக்கும் நாட்கள்

பயணம் ஆறு நாள்தான். மீதி மூன்று வாரம் வீட்டில். அங்கேதான் குறிப்பேடு பெரும்பாலும் காலியாக விடப்படுகிறது, நம் வீடுதானே, என்ன இருக்கிறது என்ற நினைப்பில். முதலில் மாறிப்போவது அதுதான். சுற்றுலா இடத்தை ஊரே படம் எடுத்து வைத்திருக்கும், உங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சந்தகை (இடியாப்பம்) பிழிகிற கையை நீங்கள் எடுத்தால்தான் உண்டு.

ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை பத்துப் படம். அரிசியும் பருப்பும் சாதம் ஆக்குகிற நாளில் அரிசி அளக்கிற படியிலிருந்து, மேலே விடுகிற நெய் வரை. எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு பருப்பு என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். போடும் முன் டம்ளரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்படியே கச்சாயம், ஒப்பிட்டு, கொள்ளுப் பருப்பு. ஆட்டாங்கல், திருகை, குதிர், மரப்பெட்டி போன்ற சாமான்களை இருக்கிற இடத்திலேயே எடுங்கள். எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் வீட்டில் எங்கே இருந்தது என்ற சேதி போய்விடும். அளவு தெரிய ஒரு கை படத்தில் இருக்கட்டும்.

நோம்பிக்கு வந்திருந்தால், காப்புக் கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் எங்கே பறித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்) பொழுதோடு, அதாவது சாயங்காலம் நடக்கும், வெளிச்சம் வேகமாக இறங்கும். ஐஎஸ்ஓவை முன்கூட்டியே 3200க்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். பூநோம்பிக்குப் பெண்கள் பாடுகிற கும்மிப் பாட்டை வீடியோவாக எடுப்பதைவிடப் போனைப் பக்கத்தில் வைத்து ஒலி மட்டும் பதியுங்கள். கேமரா நீட்டினால் பாட்டு நின்று சிரிப்பு வந்துவிடும்.

இரவு ஒரு மணி நேரம்

இதுதான் முழு வேலையின் நடு. சாப்பிட்டு முடித்ததும், படுக்கும் முன். மறுநாளைக்குத் தள்ளினால் கால்வாசி மறக்கும், மூன்று நாள் தள்ளினால் பேர்கள் எல்லாம் போய்விடும்.

முதலில் கார்டிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு பிரதி, சின்ன வெளி டிஸ்குக்கு ஒரு பிரதி. இரண்டும் வேறு வேறு பையில் இருக்கட்டும். வைஃபை கிடைக்கிற நாளில் மூன்றாவதை மேகக் கிடங்குக்கு (கிளவுட்) ஏற்றுங்கள். மூன்றும் முடியும் வரை கார்டை அழிக்காதீர்கள். கோப்புறைக்குப் பெயர் 2026-01-18 பழையகோட்டை என்கிற மாதிரி ஆண்டு, மாதம், நாள், ஊர். இந்த வரிசையில் வைத்தால் எந்தக் கணினியிலும் தானாக நாள்வாரியாக அடுக்கிக்கொள்ளும்.

அடுத்து, அன்றைய படத்தில் பன்னிரண்டு தேர்ந்தெடுங்கள். நூறு எடுத்திருந்தாலும் பன்னிரண்டுதான். மீதியை அழிக்க வேண்டாம், தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் குறிப்பு. குறிப்பில் ஐந்து சேதி: எப்போது, எந்த ஊர், யார், என்ன நடக்கிறது, அங்கே காதில் விழுந்த சொல்.

"கிராமத்து அழகிய மாலை" என்று எழுதினால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "தை 2, பொழுதோட 5.40. காங்கேயம் பக்கத்துத் தோட்டம், பட்டிப் பொங்கல். பட்டிக்குள் கட்டிய தெப்பக்குளத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர் வீட்டுப் பெரியம்மா. அடுத்து செவலைக் கன்றை இதில் மிதிக்க விடுவார்கள். சிவப்புத் துண்டு கட்டியவர் இந்தப் பண்ணயத்தில் இருபது வருடமாக இருக்கிறார்." அல்லது: "சென்னிமலை, குழித்தறி, காலை 10.15. அவர் கையில் இருப்பது நாடா. அதற்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சியைத் 'தார்' என்கிறார். தார் சுற்றுவது பக்கத்து அறையில் அவர் மனைவி." ஆட்களின் சாதியை நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். வீட்டு முகவரி, இருப்பிடக் குறியீடு இரண்டும் உங்கள் பிரதியில் இருக்கலாம், பொதுவில் போடும் பிரதியில் இருக்கக் கூடாது.

இந்தக் குறிப்பு படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் விளக்கம் என்ற பெட்டியில் தமிழிலேயே தட்டலாம். கூகுள் போட்டோஸில் மட்டும் எழுதி வைத்தால், பின்னாளில் மொத்தமாக இறக்கும்போது குறிப்பு தனிக் கோப்பாகப் பிரிந்து வரும், படத்தோடு சேர்ப்பது பெரும்பாடு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், நாளும் குறிப்பும் உதிர்ந்துவிடும். உறவுக்காரர் எடுத்ததை வாங்கும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கை ஓய்ந்த இரவில் தட்ட முடியாவிட்டால் பன்னிரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வாயால் சொல்லி ஒலிப்பதிவு செய்து, அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். வீட்டில் என்றால் படத்தைப் பெரியவர்களிடம் காட்டி அவர்களைச் சொல்லவிட்டுப் பதியலாம், உங்கள் குறிப்பைவிட அது நன்றாக இருக்கும்.

பிரிண்ட்

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பாவது பிரிண்ட் போடக் கொடுங்கள். 4×6 அளவுக்கு 1200×1800 பிக்சல் போதும். செல்போன் படம் 4:3 விகிதம், 4×6 காகிதம் 3:2. கடையில் அப்படியே போட்டால் நிமிர்ந்த படத்தில் இரண்டு பக்கமும், படுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும். குழுவாக நிற்கிறவர்களில் தலை போவது இதனால்தான். நீங்களே 3:2க்கு வெட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் வெள்ளை ஓரம் விட்டுப் போடச் சொல்லுங்கள். பளபளப்புக் காகிதம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது கிழியும், அதனால் மேட் காகிதம். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும், மையும் இழுகும். நுனி மெல்லிய அழியா மார்க்கரால் எழுதி, இரண்டு நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள். பசை தடவிய பக்கமுள்ள ஆல்பம் சில வருடத்தில் மஞ்சளாகும், படத்தையும் விடாது. மூலை செருகும் ஆல்பம் வாங்குங்கள்.

எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிண்ட் போய்ச் சேர வேண்டும். மாட்டுக்காரருக்கு மாட்டோடு நிற்கிற படம், தறிக்காரருக்கு அவர் நேராக நின்ற படம். முடிந்தவரை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சந்தையில் பார்த்தவராக இருந்தால் அடுத்த வாரம் அதே கிழமை, அதே இடம், அதே நேரம். படத்தை வாங்கிப் பார்க்கும்போது, முதல் நாள் நீங்கள் கேட்க மறந்த பேரும் சேதியும் அவர்களே சொல்வார்கள். நோட்டும் பென்சிலும் அன்றைக்கும் சட்டைப்பையில் இருக்கட்டும்.